கைபேசிக்குள்ளே வங்கி வந்தாச்சு. கடன் கணக்கு மட்டும் மாறலையே!

கலசப்பாக்கம் கடைத்தெருவில் டீ குடித்துவிட்டுக் கைபேசியில் பத்து ரூபாய் அனுப்பினால், கடையில் மாட்டியிருக்கும் பெட்டி பணம் வந்துவிட்டதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது. கீரைக்கட்டு விற்கிற ஆயாகூட கியூஆர் அட்டையைக் கூடையோரம் சாத்தி வைத்திருக்கிறார். "சில்லறை இல்லைங்க" என்ற பேச்சே குறைந்துபோச்சு.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கும் இதில் நல்லதுதான் நடந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர் கிச்சிலிச் சம்பா பத்து கிலோ வேண்டும் என்று கேட்கிறார். பணம் முதலில் கணக்கில் விழுகிறது, அரிசி மறுநாள் பார்சலில் போகிறது. நடுவில் தரகு இல்லை, கடன் சொல்வதும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

ஆனால் போன பட்டத்தில் நடந்த இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் ஒரு அக்கா. இரண்டு ஏக்கர் கழனி, ஏழு வருஷமாக யூரியா விழாத மண். பயிர்க்கடன் கேட்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் சரியாக இருந்தது.

"கடன் உண்டும்மா. ரொக்கம் இவ்ளோ, உரம் இத்தனை மூட்டை. ரெண்டும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

"எனக்கு உரம் வேணாம் சார். அந்தத் துட்டையும் ரொக்கமாவே குடுங்க. களையெடுக்க ஆள்கூலி குடுப்பேன்."

"கம்ப்யூட்டர்ல அதுக்கு எடமில்லைம்மா."

அக்கா வெறுங்கையோடு திரும்பினார். சில பேர் அந்த மூட்டைகளை எடுத்துப் பக்கத்துக் கழனிக்காரருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நட்டத்தைத் தாங்கிக் கொள்வார்கள். அக்காவுக்கு அதில் மனசில்லை. நமக்கு ஆகாததை இன்னொருத்தர் மண்ணில் கொட்டுவதா என்றார். கடைசியில் மல்லாட்டை மண்டியில் 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினார். மாதம் 1,200 ரூபாய். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 7,200 ரூபாய். மகசூலையும் அந்த மண்டிக்கே போட வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான்.

இதே கடன் கூட்டுறவில் கிடைத்திருந்தால்? தமிழ்நாட்டில் 2009-10 முதல் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது, அரசு ஏற்றுக்கொள்கிறது. பூஜ்ய வட்டிக்கும் 7,200 ரூபாய்க்கும் நடுவில் நின்றது சில மூட்டை உரம்தான்.

அக்காவிடம் ஜன்தன் கணக்கு இருக்கிறது, ரூபே கார்டு இருக்கிறது, கைபேசியில் பணம் அனுப்பவும் தெரியும். 'எல்லோருக்கும் வங்கிச் சேவை' என்று அரசு போடும் கணக்கில் அவர் உள்ளே வந்துவிட்டவர். கடன் என்று வரும்போது மட்டும் வெளியே நிற்கிறார்.

கதவு திறந்த கதை

விவசாயிக்கு நியாய வட்டியில் கடன் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் நிக்கல்சன், விவசாய வங்கிகள் பற்றி ஆராய்ந்து 1890-களில் பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்து விவசாயிகளைக் கூட்டி நடத்திய கடன் சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறை அது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது.

1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1982-இல் நபார்டு வந்தது. 1989-இல் நம் பக்கத்துத் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின; 1992-இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு தொடங்கியது. 1998-இல் கிசான் கிரெடிட் கார்டு, 2006-இல் ஊருக்குள்ளேயே வந்து பணம் கொடுக்கும் வங்கி முகவர் முறை, 2014 ஆகஸ்ட் 28-இல் ஜன்தன், 2016-இல் யுபிஐ. ஜன்தன் கணக்குகள் மட்டும் 2023-இல் 50 கோடியைத் தாண்டின. பாதிக்கு மேல் பெண்கள் பெயரில்.

இதெல்லாம் பணம் போய்வருகிற வழி. இந்த வழி நன்றாகவே திறந்திருக்கிறது. ஆனால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு கடன், எதற்காகக் கடன் என்று கணக்குப் போடும் முறை 1960-களில், பசுமைப் புரட்சியோடு சேர்ந்து உருவானது. வீரிய விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து மூன்றும் விவசாயியிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். அதனால்தான் கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி பொருள் என்று பிரித்தார்கள். கடன் பணம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்விடக்கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. அன்று பேரேட்டில் இருந்தது, இன்று கணினித் திரைக்கு ஏறியிருக்கிறது.

நாடு முழுக்க தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-இல் ஒன்றிய அரசு திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் விண்ணப்பித்த அன்றே இணையவழியில் பயிர்க்கடன் தரும் திட்டம் 2025 ஆகஸ்டில் தருமபுரியில் தொடங்கியது. நல்ல விஷயம். அலைச்சல் குறையும், 'நாளைக்கு வா' என்பது குறையும். ஆனால் வேகமாக ஓடுகிற வண்டியும் போட்ட தண்டவாளத்தில்தான் ஓடும்.

நம் பயிர் எப்போது பணம் கேட்கிறது?

ரசாயன விவசாயத்தில் செலவு முன்னால் வருகிறது. விதை, அடியுரம், மேலுரம், மருந்து என்று நட்ட இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான பணம் இறங்கிவிடும். கடன் கணக்கும் அதற்கேற்றபடி நிற்கிறது.

நம் கழனியில் கதை வேறு. விதை நம்முடையது. தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து மடக்கி உழுகிறோம். எருவும் பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் நம் மாட்டிலிருந்து வருகின்றன. அப்போ நமக்குப் பணமே வேண்டாமா? வேண்டும், மூன்று இடத்தில்.

முதலாவது, களை. களைக்கொல்லி அடிக்காதவருக்கு ஆள்கூலிதான் பெரிய செலவு. அது ரொக்கமாக, அன்றன்று சாயங்காலம் கொடுக்க வேண்டியது.

இரண்டாவது, மாடு. எருவுக்கு அடிப்படையே மாடுதான். ஆனால் பயிர்க்கடன் கணக்கில் மாடு 'உரம்' என்ற வரியில் வருவதில்லை.

மூன்றாவது, அறுவடைக்குப் பிந்தின மாதங்கள். இதுதான் பெரிது, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. மாப்பிள்ளைச் சம்பாவையும் கிச்சிலிச் சம்பாவையும் அறுத்த கையோடு வியாபாரிக்குத் தள்ளினால் சாதா நெல் விலைதான். சில மாதம் வைத்துப் பழசாக்கி, அரைத்து, அரிசியாக விற்றால்தான் நமக்குக் கட்டும். அந்த மாதங்களில் வீட்டுச் செலவும் பள்ளிக்கூடக் கட்டணமும் காத்திருக்குமா? கையில் காசு இல்லாதவர் நெல்லைக் களத்திலேயே விற்றுவிடுகிறார். ஏழு மாதம் இயற்கையாக விளைத்ததன் பலன் அந்த ஒரே நாளில் போய்விடுகிறது.

ஆக, ரசாயன விவசாயிக்கு நடும்போது கடன் தேவை. நமக்குக் களையெடுக்கும்போதும் அறுத்த பிறகும் தேவை. கடன் கொடுக்கும் முறை இதைப் பார்க்கவில்லை என்பதுதான் நம் குறை.

ஆரணித் தறியிலும் இதே கதை

போளூர் தாண்டி ஆரணிக்குப் போனால் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும். அங்கேயும் நெசவாளர் கையில் கைபேசி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. தனியாரிடம் நெய்கிறவருக்குப் பாவும் ஜரிகையும் முதலாளி கொடுக்கிறார். கல்யாணம், மருத்துவம் என்று வாங்கிய முன்பணம் கூலியில் கழிகிறது. முன்பணம் தீராதவரை வேறு இடத்துக்குத் தறி மாற்ற முடியாது. நெசவாளருக்கென்று சலுகை வட்டியில் முத்ரா கடன் இருக்கிறது. ஆனால் வங்கி கேட்கிற விற்பனைக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கிறதே தவிர நெய்தவர் கையில் இல்லை.

மல்லாட்டை மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயியும், பாவு வாங்கிய நெசவாளரும் ஒரே கயிற்றில்தான் கட்டுண்டு கிடக்கிறார்கள். தன் உழைப்பின் கணக்கு தன்னிடம் இல்லாதவருக்கு வங்கிக் கதவு பாதிதான் திறக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கடன் பட்டியலில் இல்லாதவர் வேறெதிலும் இல்லை

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மூச்சு வந்தது. ஆனால் உரம் வேண்டாம் என்று சங்கத்துப் பக்கமே போகாமல், மண்டியில் மூணு வட்டிக்கு வாங்கினவருக்கு? அவர் கடனை யாரும் தள்ளவில்லை. அந்தக் கடன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குக் கொடுக்கும் தனி அடையாள எண்ணும் பட்டாவோடு சேர்ந்தே போகிறது. வாரத்துக்கும் போகியத்துக்கும் பயிர் வைக்கிறவர், உழுதாலும் விவசாயி ஆவதில்லை. குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் உண்டு; எழுதிக் கொடுக்க நிலக்காரர் சம்மதிக்க வேண்டுமே!

2025-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது விவசாய சங்கங்கள் கொதித்தெழுந்தன. வேறு வங்கியில் நிலுவை உண்டா என்று பார்க்கத்தான், மதிப்பெண்ணை வைத்துக் கடன் மறுக்க இல்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். விவசாயியின் வருமானம் மாதச் சம்பளம் இல்லை. மழை தவறினால் தவணை தவறும். இதை ஒரு எண்ணுக்குள் அடைக்கப் பார்க்கும்போது சந்தேகப்படுவது நியாயம்தான்.

ரேகை தேய்ந்த விரலும் தொலைந்த துட்டும்

களை பிடுங்கிப் பிடுங்கி விரல்ரேகை தேய்ந்துபோனவர்கள் நம்மில் நிறைய. முகவரின் கருவியில் விரல் வைத்தால் 'பொருந்தவில்லை' என்று வரும். மூன்று விஷயம் தெரிந்துவைத்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, பிஎம் கிசான் சரிபார்ப்பை விரல்ரேகையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஓடிபி மூலமும் முக அடையாளம் மூலமும் செய்யலாம்.

இரண்டு, ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை மானியத்துக்காக ஆதாரோடு இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் போகும். 'பணமே வரல' என்று அலைகிறவர்களில் பலருக்கு, மறந்துபோன வேறொரு கணக்கில் பணம் கிடக்கும். வங்கியில் கேட்டால் எந்தக் கணக்கு என்று சொல்வார்கள்.

மூன்று, விரல் வைத்தால் ரசீது கேளுங்கள். 'பொருந்தல, இன்னொருவாட்டி வையுங்க' என்றால், முதல் தடவை பணம் கழிந்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள். தேவையில்லாதபோது ஆதார் செயலியில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். மூன்று வேலை நாளுக்குள் சொல்வது முக்கியம்.

கைபேசியில் வரும் உடனடிக் கடன் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். கென்யா நாட்டில் 2007-இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச்சேவை வந்தது. வங்கியே பார்க்காத கிராமத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்தது, உலகமே பாராட்டியது. சில வருஷத்தில் அதே கைபேசியில் பட்டனை அழுத்தினால் கடன் என்று வந்தது. சின்னச் சின்னத் தொகைக்காகவே லட்சக்கணக்கான பேர் கடன் தவறியவர் பட்டியலில் ஏறினார்கள். சுலபமாகக் கிடைக்கிற கடன் எல்லாம் உதவி ஆகிவிடாது.

நாம் என்ன செய்யலாம்?

1. நோட்டுப் போடுங்கள். ஆரணி நெசவாளர் கதையில் சொன்னது இதுதான்: நம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். நாள், வேலை, ஆள்கூலி, மகசூல், விற்ற விலை என்று ஐந்து வரி போதும். பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுச் சான்று பெறுகிறவர்கள் இந்தப் பதிவை எப்படியும் எழுதுகிறீர்கள். அதே நோட்டு வங்கிக்கும் சான்று.

2. விற்பனைப் பணத்தை ஒரே கணக்கில் வாங்குங்கள். மகன் கைபேசிக்குப் பாதி, மருமகள் கைபேசிக்குப் பாதி என்று போனால் உங்கள் வருமானம் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷத்து வரவு உங்கள் பெயரில் இருந்தால் மேலாளரிடம் பேசும்போது குரல் நிமிரும்.

3. வணிக வங்கியில் கிசான் கார்டு கேளுங்கள். அங்கே உர மூட்டை கிடையாது. பயிருக்கான கடன் அளவோடு, அறுவடைக்குப் பிந்தின செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், கருவி பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்து வரம்பு போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால்தான் கிடைக்கும். மாடு வளர்ப்புக்கும் இந்தக் கார்டு உண்டு. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக்கூடாது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி; கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறையும்.

4. விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாயால் 'இல்லை' என்பவர் எழுத்தில் எழுத யோசிப்பார். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. கூட்டுறவுச் சங்கம் என்றால் துணைப் பதிவாளர்.

5. குத்தகைக்காரர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கேளுங்கள். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் கிசான் கார்டு தரலாம் என்று விதி இருக்கிறது.

6. கூட்டுறவை விட்டுவிடாதீர்கள். 'உரம் தர்றாங்க, போகமாட்டேன்' என்று நாம் விலகினால், சங்கம் உரக்கடையாகவே நின்றுவிடும். உறுப்பினர் ஆகுங்கள், பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு வருஷந்தோறும் முடிவு செய்கிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, வேளாண் துறை, நபார்டு ஆகியவற்றோடு விவசாயிகளும் அதில் இருக்கிறார்கள். நம் குரல் போக வேண்டிய இடம் அது.

நம் கோரிக்கை சின்னதுதான். இயற்கைப் பயிருக்குக் கடன் அளவில் தனி வரி வேண்டும். உரப் பகுதியை ரொக்கமாகவோ, எரு, பசுந்தாள் விதை, மாடாகவோ எடுக்க உரிமை வேண்டும். பாரம்பரிய நெல்லை இருப்பு வைக்கிறவருக்குக் கெடு நீள வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருந்து கடன் படிவத்துக்கு இறங்கி வரட்டும்.

எங்கள் குழு இந்த மூன்றையும் மனுவாக எழுதி, ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதக் கூட்டத்திலும் எழுந்து நிற்போம். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இதே மனு போனால் ஒரு குரல் ஊர்க் குரல் ஆகும்.

அந்த அக்கா மண்டிக் கடனை அடைத்துவிட்டார். இந்தப் பட்டத்துக்கு வங்கியில் கிசான் கார்டு கேட்டு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். "குடுப்பாங்களா?" என்று கேட்டேன். "தெரியல தம்பி. ஆனா இந்தவாட்டி என் கணக்கு எங்கிட்ட இருக்குது. இல்லைன்னா ஏன் இல்லைன்னு எழுதிக் குடுன்னு கேப்பேன்" என்றார்.